ஒரு பிழைகூட இல்லாத போஸ்டர்

"வியாபாரத்தின் பெயர்ங்கிற கட்டத்துல என்னம்மா அடிச்சு வச்சிருக்கே? நீயே வாசி."

ஆடிட்டர் தங்கப்பாண்டி கம்ப்யூட்டர் திரையை இந்துப்ரியாவின் பக்கம் திருப்பினார். அவள் வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"மண்ணின் மைந்தரே... மாமதுரையின் மாணிக்கமே..."

"மாட்டுத்தாவணியில மல்லிகைப்பூ ஏவாரம் பாக்குற மனுசன்மா. அவரு எப்ப மாணிக்கம் ஆனாரு?"

"ஜன்னலுக்கு எதிர்ல சார். காலையிலதான் ஒட்டுனாங்க. ரெண்டாவது வரியில பாருங்க, ஒரு 'க்' வரணும்..."

"நிறுத்து!"

நிறுத்தினாள். ஆனால் கண் மட்டும் ஜன்னல் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வந்தது.

இந்துப்ரியாவுக்குப் போஸ்டர் பைத்தியம். மதுரையில் காது குத்தினால் போஸ்டர், வீடு கட்டினால் போஸ்டர், ஜாமீனில் வந்தால் போஸ்டர், செத்தால் கேட்கவே வேண்டாம். ஊரில் மற்றவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காமலும் நடந்து போகிறார்கள். இவளால் முடியாது. வண்டியை ஓரம் கட்டி, தாய்மாமன் படத்தை ஏன் பெரியப்பா படத்தைவிடச் சிறியதாகப் போட்டார்கள், இதனால் அந்த வீட்டில் என்னென்ன நடந்திருக்கும் என்று யோசித்து முடித்த பிறகுதான் கிளம்புவாள். மையைப் பார்த்தே எந்தப் பிரஸ் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. அப்படியிருந்தும் தமிழில் ஒரு ஒற்று விட்டுப்போனால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை விளாங்குடியில் ஒரு காதணி விழாப் போஸ்டரில் விட்டுப்போன 'ப்'பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தபோது, போஸ்டருக்கு மீசை வரைகிறாள் என்று நினைத்துத் தாய்மாமன் தரப்பு துரத்திக்கொண்டு வந்தது.

"நோட்டீஸ் வந்திருக்கு, தெரியுமா உனக்கு?" என்றார் தங்கப்பாண்டி.

"எந்தச் செவத்துல சார்?"

தங்கப்பாண்டி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"வரி ஆபீஸ் நோட்டீஸும்மா! பூக்காரர் கணக்குக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போகணும். ஏற்கெனவே ரெண்டு தடவை டைம் வாங்கியாச்சு. இனிமே யாராவது செத்தாத்தான் டைம் தருவேன்னுட்டாரு அந்த ஆபீசரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த பைல் முடிஞ்சிருந்தா உனக்கு இந்த வேலை. இல்லைன்னா திங்கக்கிழமை உன் நாற்காலியில வேற ஆளு."

அவளுக்குச் சுருக்கென்றது. கணவன் ஹரிஷ்குமார் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே சம்பாதிக்கிறவன். அவன் காசில் மட்டும் வீடு ஓடாது. அதைவிட, கணக்கு அவளுக்கு உண்மையாகவே பிடிக்கும். போஸ்டர் பிடித்த அளவுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"முடிச்சுக் காட்டுறேன் சார். இன்னையிலேர்ந்து போஸ்டர் கிடையாது. சத்தியமா கிடையாது."

"பாப்போம்" என்றார் தங்கப்பாண்டி. அந்தச் சொல்லில் நம்பிக்கை மருந்துக்குக்கூட இல்லை.

முதல் காரியமாக இந்துப்ரியா மேஜையைத் திருப்பிப் போட்டாள். ஜன்னலுக்கு முதுகு, முகத்துக்கு நேரே இரும்பு பீரோ. அந்த பீரோ பழைய சாமான் கடையில் வாங்கியது. அதன் பக்கவாட்டில் பாதி கிழிந்த போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. "...யாண்டி அவர்களின் இல்ல விழாவிற்கு வருகை தரும்..." அதற்கு மேல் இல்லை. யார் வருகை தருகிறார்? எந்த யாண்டி? முனியாண்டியா, வீரபாண்டியா? வீரபாண்டி என்றால் 'யா' வராதே? மத்தியானம் வரை பைல் திறந்தது திறந்தபடியே கிடந்தது.

மறுநாள் பீரோவைத் துணி போட்டு மூடினாள். செல்போனை எடுத்துத் தங்கப்பாண்டியிடம் நீட்டினாள்.

"இதை உங்க டிராயர்ல போட்டுப் பூட்டிருங்க சார். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப வாங்கிக்கிறேன்."

பிறகு, ஆபீசில் அவளையும் ஆடிட்டரையும் தவிர இருக்கிற இரண்டே பேரையும் கூப்பிட்டாள். ஒருவன் கூட வேலை பார்க்கும் முத்துக்குமரன். இன்னொருவர் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் பேயாண்டி.

"போஸ்டர் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேயாண்டி அண்ணே, உங்களுக்குந்தான். எந்தச் செவத்துல என்ன ஒட்டுனாலும் மூச்சு விடக் கூடாது."

"நான் எங்கத்தா வாசிக்கிறேன்? எனக்குப் படம் பாக்கத்தான் தெரியும்" என்றார் பேயாண்டி.

"படத்தையும் சொல்லாதீங்க."

முத்துக்குமரனுக்குக் கண் கலங்கிவிட்டது. போஸ்டர் பிரியர்களுக்காக இந்துப்ரியா 'சுவரும் பசையும்' என்று ஒரு வாட்ஸப் குழு நடத்தி வந்தாள். அதில் அவன்தான் முதல் சிஷ்யன்.

"அப்ப குழுவை விட்டும் போறியாக்கா?"

"போறேன். மொத்தமா விட்டுப் போறேன்."

அவன் ஒரு தாளில் 'போஸ்டர் பற்றி பேசாதீர்' என்று எழுதி அவள் மேஜைக்கு மேலே ஒட்டினான். அந்த வழியாகப் போன தங்கப்பாண்டி நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'பற்றி'க்குப் பக்கத்தில் ஒரு 'ப்' போட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முத்துக்குமரன் ஒரு கவரைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, நம்ம பசங்க உனக்கு ஒரு மரியாதை செய்யணும்னு ஆசைப்படுறாங்க. பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு போஸ்டர்."

"என்னது!"

"நீ போஸ்டரை விட்டதுக்கு ஒரு போஸ்டர். கலர்ல. கோகுல்நாத் அண்ணன் பிரஸ்ல ப்ரூப் வாங்கியாந்துட்டேன். பிழை மட்டும் பாத்துக் கொடுத்துருக்கா, கடைசியா ஒரே ஒரு தடவை."

இந்துப்ரியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தக் கவருக்குள் பிழை இருக்கும். முத்துக்குமரன் எழுதினால் இல்லாமல் இருக்காது. சிவப்புப் பேனா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருந்தாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"பாக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ."

"அக்கா..."

"என்னடா அது கையில?" தங்கப்பாண்டியின் குரல். கவர் கைமாறும் சத்தம். "ஆபீசுக்குள்ளேயே கொண்டாந்துட்டியா இந்தக் கருமத்தை? கொடு இங்க. நானே பிரஸ் பக்கந்தான் போறேன், திருப்பிக் கொடுத்துடுறேன். நாளைக்கு நீ டி. கல்லுப்பட்டிக்குப் போய் அந்த எண்ணெய்க்கடைக் கணக்கைப் பாரு. சாயங்காலம் வந்தாப் போதும்."

அவர் போன பிறகுதான் இந்துப்ரியா கண்ணைத் திறந்தாள். தன்னை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. ஹெல்மெட்டின் கண்ணாடிக்குக் கீழே ரோடு மட்டும் தெரிகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டே வண்டியை ஓட்டி வந்தாள். சுவர் என்ற ஒன்று மதுரையில் இருக்கிற ஞாபகமே இல்லாத மாதிரி வந்து சேர்ந்தாள். வழக்கம்போலச் செல்போன் டிராயருக்குள் போனது. தங்கப்பாண்டி பூட்டிவிட்டு, வெளியே வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனார்.

"பேயாண்டி அண்ணே, யாரு வந்தாலும் நான் இல்லைன்னு சொல்லிருங்க. எங்க வீட்டு ஆளுகளே வந்தாலும் சரி. சாயங்காலம் வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க."

"சரித்தா."

பேயாண்டி எதையோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இந்துப்ரியா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பைலைத் திறந்தாள்.

பதினோரு மணிக்கு ஹரிஷ்குமார் ஓடி வந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"அண்ணே, இந்து எங்கண்ணே?"

"இந்து அக்கா இல்லீங்க."

"ஐயோ! எப்பண்ணே?"

"காலையிலேர்ந்தே இல்லீங்க."

"காலையில என் கையால தோசை வாங்கித் தின்னுட்டுப் போனவண்ணே! போன் அடிச்சா எடுக்கலையே. ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கிறேனே!"

"சாயங்காலந்தாங்க பாக்க முடியும். அதுவரைக்கும் யாரையும் விடக் கூடாதுன்னு அக்காவே சொல்லிட்டாங்க."

"எப்பச் சொன்னா?"

"போறதுக்கு முன்னாடி."

ஹரிஷ்குமார் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். புருஷன் பொண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது, இதில் நமக்கென்ன என்று பேயாண்டி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் ஜவுளிக்கடை ஆட்கள் வந்துவிட்டார்கள். சொந்தபந்தம் வந்தது. மாட்டுத்தாவணிப் பூக்காரரே ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். "என் கணக்கைப் பாத்துத்தான் அந்தப் புள்ளைக்கு நெஞ்சு வலிச்சிருக்கும்" என்று அவர் பங்குக்கு அழுதார். எவனோ ஒருவன் சாவுக்கு அடிக்கும் தப்புச் செட்டையும் கூட்டி வந்துவிட்டான்.

பஞ்சையும் தாண்டித் தப்புச் சத்தம் கேட்டது. தெருவில் எந்தப் பெரிய மனிதரோ போய்விட்டார் என்று இந்துப்ரியா நினைத்தாள். அப்படியென்றால் கட்டாயம் போஸ்டர் இருக்கும். எழுந்து ஜன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள்.

"உட்காருடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். வாங்கிய பூ, விற்ற பூ, வாடிப்போய்க் கொட்டிய பூ என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். எங்கோ இடித்த தொகை கடைசியில் சரியாக வந்து உட்கார்ந்தது. நாலு மணிக்கு அனுப்பு என்ற பட்டனை அழுத்தினாள். பதில் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் பச்சையாக எழுத்து வந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் முழுக்க அவள் ஒரே வேலையைப் பார்த்தது இன்றைக்குத்தான்.

பஞ்சை எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

தப்புச் சத்தம் நின்றது. பூக்காரர் மாலையைப் போட்டுவிட்டு ஓடினார். ஹரிஷ்குமார் ஓடவில்லை. அவள் கையைக் கிள்ளிப் பார்த்தான், தன் கையையும் கிள்ளிப் பார்த்தான். பிறகு அத்தனை பேர் முன்னால் அவளைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"என்னங்க ஆச்சு? யாரு போயிட்டா?"

"நீதாண்டி!"

அவன் கை காட்டிய பக்கம் இந்துப்ரியா திரும்பினாள். ஆபீசின் வெளிச்சுவரில், கறுப்பு வெள்ளையில், அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பீரோவை மூடிய நாளிலிருந்து முதல்முறையாக ஒரு போஸ்டரை நின்று வாசித்தாள்.

மேலே மூலையில், எறும்பு மாதிரி, 'போஸ்டர்' என்று இருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'உலகத்தை விட்டுச் சென்ற எங்கள் அன்புச் சகோதரி இந்துப்ரியா! உங்கள் இடத்தை இனி யாரால் நிரப்ப முடியும்? கண்ணீருடன் விடை தரும் சுவரும் பசையும் நண்பர்கள்.'

"பேயாண்டி அண்ணே! இதைக் காலையிலேயே பாத்தீங்களா?"

"பாத்தேந்தா. படம் லட்சணமா இருந்துச்சு. நீங்கதான் மூச்சு விடக் கூடாதுன்னுட்டீங்களே."

டி. கல்லுப்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த முத்துக்குமரன் சுவரைப் பார்த்துவிட்டு அலறினான். "அக்கா, ஆத்தா சத்தியமா நாங்க கலர்லதான் கொடுத்தோம். 'போஸ்டர் உலகத்தை'ன்னு ஒரே சைஸ்லதான் எழுதிக் கொடுத்தோம். பிரஸ்காரருதான் கவுத்துட்டாரு!"

அப்போது ஆட்டோவில் தங்கப்பாண்டி வந்து இறங்கினார். உயிரோடு நிற்கும் இந்துப்ரியாவைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"யாரும்மா உன்னை வெளிய வரச் சொன்னது?"

"சார்?"

"இல்ல... நல்லாயிருக்கியா? சந்தோசம். வரி ஆபீஸ் போயிருந்தேன். அந்த ஆபீசரே வழியில போஸ்டரைப் பாத்துட்டாரு. நான் வாயே திறக்கலம்மா, கண்ணை மட்டுந்தான் தொடச்சேன். கல்நெஞ்சுக்காரரு உருகிப் போயி ஒரு மாசம் டைம் கொடுத்துட்டாரு."

"நான் பதிலை அனுப்பிட்டேனே சார். நாலு மணிக்கே."

தங்கப்பாண்டியின் முகம் கோணியது. "அனுப்பிட்டியா? நீயா? முழுசா?"

"முழுசா. ஒரு தப்பு இல்லாம."

அவர் ஆட்டோவுக்குக் காசைக் கொடுத்தார். "வேலை உனக்குத்தாம்மா. ஆனா ஒரு மாசம் அந்த ஆபீசர் கண்ணுல மட்டும் படாத" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்துப்ரியாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உயிரைக் கொடுத்து வேலையை முடித்த நாளில் ஊரே அவள் உயிரை எடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, விஷயம் கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் வந்து நின்றான் பிரஸ்காரன் கோகுல்நாத். அவள் அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இம்புட்டு வருசமாப் பிரஸ் நடத்துறீங்களே, அந்த ஒரு வார்த்தையை அப்படி நசுக்கலாமா? ஆனா ஒண்ணு, பிழை ஒண்ணுகூட இல்ல. முத்துக்குமரன் எழுதிக் கொடுத்ததுல ஒத்து எல்லாம் எப்படிச் சரியா வந்துச்சு?"

கோகுல்நாத் சாத்தியிருந்த ஆபீஸ் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னைத் திட்டாதீங்கக்கா. நேத்து உங்க சாருதான் பிரஸ்லயே உக்காந்து, கலர் வேணாம்னு சொல்லி, 'போஸ்டர்'ங்கிறதை எறும்பாக்கச் சொல்லி, 'விட்டுச் சென்ற'வுக்கு ஒரு 'ச்', 'அன்புச் சகோதரி'க்கு ஒரு 'ச்' போட்டுக் கொடுத்துட்டுப் போனாரு."