ரசமட்டம் அண்ணன் படகை உட்கார வைத்த கதை

சிங்கப்பூரில் எது கோணலாக இருந்தாலும், அதைத் தனக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொள்கிற ஒரே மனிதர் எங்கள் ரசமட்டம் அண்ணன்தான். மறுப்பவர்கள் அவரோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்து மறுக்கலாம்.

ஃபேரர் பார்க்கில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அந்த ரெனோவேஷன் ஆபீஸ். டிசைன் படித்து முடித்து, இந்த ஊரையே மாற்றி வரையப் போகிறவள் என்ற தெனாவட்டோடு நான் சேர்ந்த முதல் வேலை. அவர் சைட் சூப்பர்வைசர். மற்றவர்கள் பேனா வைத்திருப்பதுபோல அவர் பையில் ஒரு குட்டி ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் அவருக்கு மூச்சு வரும். ஓரமாக ஒதுங்கினால் நமக்கு மூச்சு போகும்.

சாப்பாட்டுக் கடையில் பரோட்டா வந்ததும் நாங்கள் குழம்பைத் தேடுவோம். அவர் மேசைக்கு அடியில் இருப்பார்.

"அண்ணே, பரோட்டா ஆறுது."

"ஆறட்டும் தங்கச்சி. குழம்பு ஒரு பக்கமா ஓடுது பாரு. இதுல எப்படி மனுசன் சாப்பிடுவான்?"

டிஷ்யூவை மடித்து மேசைக்காலுக்குக் கீழே செருகி, குமிழி நடுவில் நின்ற பிறகுதான் அவர் வாயில் முதல் கவளம் போகும். ஒரு கல்யாணத்தில் மேடை அலங்கார வளைவு சாய்ந்திருக்கிறது என்று பின்னால் போய் நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் பாதிப் படங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு முழங்கை தெரியும்.

இப்படிப்பட்டவர் ஒரு படகு வாங்கினார். குட்டி ஃபைபர் படகு, பின்பக்கம் தொங்கும் மோட்டார், ஊரைவிட்டுக் கிளம்பிய யாரோ கைமாற்றிவிட்டது.

"ஏண்ணே, கார் வாங்கியிருக்கலாம்ல?"

"கார் வாங்குற உரிமைக்கே முதல்ல காரு விலைக்கு ஒரு சர்டிஃபிகேட் வாங்கணும். கடல்ல ஜாம் இல்ல, ரோட்டுக்குக் காசு புடுங்குற ஈஆர்பி இல்ல லா."

லைசன்ஸ் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டார். பிரச்சினை கடலில் இல்லை, கரையில்தான் இருந்தது. படகு நிற்பதற்கு அவர் வாங்கிய டிரெய்லர் வேறொரு படகுக்குச் செய்தது. அதன்மேல் இவருடைய படகு, அண்ணன் சட்டையைப் போட்ட தம்பிபோல லொடலொடவென்று கிடந்தது. வடகரையில் படகுகளை நிறுத்தும் யார்டுக்கு ஒரு மலாய்க்காரர் பொறுப்பு. எல்லாருக்கும் அவர் பாக் சிக், மலாயில் மாமா. படகைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"சப்போர்ட் இல்ல லா. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா உன் போட் இங்க வைக்க கேனாட்."

யார்டை விட்டால் அதை வைக்க வேறு இடம் கிடையாது. புக்கிட் பாத்தோக்கில் அண்ணனின் பத்தாவது மாடி வீட்டு வாசலில் படகை நிறுத்தினால் டவுன் கவுன்சில் ஆள் அனுப்பும். விற்பதுதான் ஒரே வழி. அன்று அண்ணன் மேசையைக்கூட மட்டம் பார்க்காமல் சாப்பிட்டார். எனக்கே பயமாகிவிட்டது.

வேலை முடிந்ததும் தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு யார்டுக்கு ஓடினார். டிரெய்லர் நடுவில் படகின் முதுகெலும்பு உட்காரும் ரப்பர் உருளைகளை நகர்த்தினார். படகின் மூக்கு முட்டி நிற்கும் கம்பத்தைப் பின்னால் தள்ளினார். இரண்டு பக்கமும் படகைத் தாங்கும் நீளப் பலகைகளுக்குப் புதுக் கம்பளம் சுற்றினார். கடைசியாக அந்தப் பலகைகளை மேலே, கீழே, இடம், வலம் எல்லாம் பார்த்து, குமிழி அசையாமல் நிற்கும்படி மட்டம் வைத்தார்.

"பார்த்தியா தங்கச்சி, பில்லியர்ட்ஸ் ஆடலாம்."

சனிக்கிழமை காலை, பெல்ட்டில் தொங்கும் படகோடு கிரேன் தயாராக நின்றது. அப்போது அவர் மனைவி செல்வி அக்கா பூஜைத் தட்டோடு வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் இல்லையா. அண்ணன் டிரெய்லர் சக்கரத்தைக் காட்டினார்.

"அது டிரெய்லருக்குங்க. போட்டுக்கு ஏது சக்கரம்? அது உக்கார்ற எடம் இந்தப் பலகைதானே, இங்கதான் வைக்கணும்."

"ஏய், கம்பளம் கறையாயிடும்."

"கறை முக்கியமா, கண்ணு படாம இருக்குறது முக்கியமா?"

இரண்டு பலகையிலும் வரிசையாகப் பழங்கள் ஏறின. பாக் சிக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். படகு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. முன்பக்கத்தில் சாறு சொட்டியது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே பின்பக்கம் போனார்.

"என்னங்க, இங்க ஒண்ணுகூட நசுங்கல."

"நசுங்கியிருக்கும் பாரு."

அக்கா உள்ளே கைவிட்டு ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். "இதுல இன்னைக்கே ஜூஸ் போடலாம்."

அண்ணன் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தபோது எனக்கும் புரிந்தது. பலகைகள் தரைக்கு மட்டம். படகின் வயிறு தரைக்கு மட்டமில்லை, அது நடுவிலிருந்து இரு பக்கமும் சரிந்து ஏறுகிறது. முன்பக்கம் எப்படியோ ஒட்டியிருந்தது. மோட்டாரின் மொத்தக் கனமும் தொங்குகிற பின்பக்கத்தில் பலகை படகைத் தொடவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் கொஞ்ச நாளில் அடி வளைந்திருக்கும்.

"அண்ணே, பலகையைச் சாய்க்கணும். பின்னாடி நுனிவரைக்கும் தாங்கணும்."

"தெரியுது."

"அப்ப வாங்க."

ஸ்பானர் மட்டும் வெளியே நீண்டது.

"நீயே முறுக்கு தங்கச்சி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

கிரேன் படகை மறுபடி தூக்கியது. ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைபோல அவர் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்க, நான் போல்ட்டுகளைத் தளர்த்திப் பலகைகளைச் சாய்த்தேன். அக்கா நேரடி வர்ணனை கொடுத்தார். "இன்னும் கோணலா. இன்னும் கோணலா. ஆ, நல்லாக் கோணிடுச்சு." ஒவ்வொரு வார்த்தைக்கும் அண்ணன் தோள் துடித்தது.

மறுபடி பழம், மறுபடி கிரேன். இந்த முறை முன்னிருந்து பின்வரை எல்லாப் பழமும் சட்னி. பாக் சிக் பலகையோரமாக விரலை ஓட்டிப் பார்த்தார், படகைக் குலுக்கிப் பார்த்தார். "போலே," என்றார். சரி, வைத்துக்கொள் என்று அர்த்தம். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. போகும்போது பாக் சிக் மிச்சமிருந்த பழங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் தேநீருக்கா, மற்றப் படகுகளைச் சோதிக்கவா என்று சொல்லவில்லை.

மறுநாள் படகு கடலில் இறங்கியது. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்கூடப் போயிருக்காது, அண்ணன் முகம் பச்சையாகி, காலையில் தின்ற இட்லி மொத்தத்தையும் ஜொகூர் நீரிணைக்குக் கொடுத்துவிட்டார். படகைத் திருப்பி ஓட்டி வந்தது அக்கா.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படகில் ஏறவே இல்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் யார்டுக்குப் போகிறார். துடைக்கிறார், பெல்ட்டை இறுக்குகிறார், அதன் நிழலில் உட்கார்ந்து பால் விடாத கோப்பி-ஓ குடிக்கிறார். கடலுக்கே போகாமல், சிங்கப்பூரிலேயே மிகச் சொகுசாக உட்கார்ந்திருக்கும் படகு அதுதான்.

நான் இப்போது வேறு கம்பெனி. ஆனாலும் ஞாயிறு காலையில் மெசேஜ் வந்துவிடும்: "ஒரு போல்ட் கொஞ்சம் லூசா இருக்கு தங்கச்சி. வரியா?" எந்த போல்ட்டும் லூசாக இருக்காது, முறுக்கியவள் நான். இந்த வாரமும் "வேற வேலை இல்லையாண்ணே, வரமுடியாது" என்று பதில் போட்டேன்.

போடும்போது யார்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.