காலியாக இருந்த ஒன்றாம் எண்

உடன்பிறந்த மூவரின் மூன்று வீடுகளையும் ஒரே தனி இணைப்பில் கோத்துவிடுவது என்று அண்ணன் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார். ஆவணக் காப்பகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முன்மொழிந்தது, வழிமொழிந்தது, கைதட்டியது எல்லாம் அவரே. ‘குடும்ப ஆவணங்கள் இனி அன்னியர் கண்ணில் படக்கூடிய எவ்வழியிலும் அனுப்பப்படமாட்டா’ என்று சுற்றறிக்கையும் விட்டார்.

அதன் முதல் பயன் தங்கைக்கே கிடைத்தது. பத்து வருடம் நாயாய் அலைந்து கிடைத்த ஆசிரியை வேலைக்கு, அன்று மாலை ஐந்து மணிக்குள் பிறப்புச் சான்றிதழை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். அதுவோ ஊரின் மறுகோடியில், அண்ணன் கணினியில் பத்திரமாக இருந்தது.

"போன்லயே அனுப்பிடுண்ணா. ஒரு நிமிஷ வேலை."

"சுற்றறிக்கையைப் படிச்சியா?"

இணைப்புக்காரர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மூன்று வீட்டு ரூட்டருக்கும் கடையிலிருந்து வரும்போதே முகவரி ஒன்றாம் எண்தான். அப்படியே கோத்தால், அண்ணன் வீட்டைத் தேடும் கணினி சொந்த வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வீடுகள் வேறு எண்ணுக்கு மாற வேண்டும்.

மூவரும் போனில் கூடினார்கள்.

"மூத்தவன் நான். ஒண்ணு எனக்கு," என்றார் அண்ணன்.

"முதல்ல ரூட்டர் வாங்கினது யாராம்?" என்றான் தம்பி.

"எனக்கு எந்த நம்பரும் சரி, வேலையைப் பாருங்கப்பா!" என்று தங்கை கத்தினாள்.

இதை ஆராய ஒரு குழு அமைந்தது. குழுவுக்கு ஒரு துணைக்குழு. இரண்டிலும் அதே மூன்று பேர். மூன்று மணிக்கு முடிவு வந்தது: ஒன்றாம் எண்ணை யாருக்கும் ஒதுக்காமல் காலியாக வைப்பது. அண்ணனுக்கு இரண்டு, தங்கைக்கு மூன்று, தம்பிக்கு நான்கு. இருப்பதிலேயே பெரிய எண் தனக்குத்தான் என்று தம்பி பெருமையாக ஒப்புக்கொண்டான்.

இணைப்பு உயிர்பெற்றது. தங்கையின் திரையில் அண்ணன் கணினி திறந்தது. சான்றிதழைத் தொட்டாள். ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இணைப்புக்காரரை அழைத்துவிட்டாள்.

"அந்த ஒண்ணாம் நம்பர் காலியாத்தானே கிடக்கு? என் வீட்டுக்குப் போட்டுடுங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"சரிங்கம்மா," என்றார் அவர். துளியும் ஆச்சரியப்படவில்லை.

நாலரைக்கு அண்ணனின் அனுமதி போனில் வந்தது. தங்கை அவசரமாகத் திறந்தாள். திரையில் வந்தது அவள் கணினி. அவளே எடுத்த பூனைப் படங்கள்.

"அண்ணன் வீட்டைக் காணோமே!" என்று இணைப்புக்காரரிடம் பதறினாள்.

"உங்களுக்கு முன்னாடியே அண்ணன் ரகசியமா கேட்டாரும்மா. அவருக்கும் முன்னாடி தம்பி. யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாமேன்னு மூணு பேருக்கும் ஒண்ணையே போட்டுட்டேன்."

"ஐயோ, மணி நாலே முக்கால்! உடனே மாத்துங்க!"

"மாத்திடலாம். உங்க வீட்டு நம்பரை எடுத்துடட்டுமா?"

தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முதல்ல அவங்க ரெண்டு பேரையும் கேட்டுட்டு வாங்க," என்றாள்.