தொம்மையின் மீசை

வேம்பார் படகு அனுமதிச்சீட்டு அலுவலகத்தின் கணினிக்குப் பதினான்கு வயது. இதுவரை அது யாருக்கும் தீங்கு செய்ததில்லை. பட்டனை அமுக்கிவிட்டு டீ குடித்து வந்தால் விழித்திருக்கும். அப்பேர்ப்பட்ட சாதுவை மாத முடிவுக்குள் விண்டோஸ் ஏழிலிருந்து பதினொன்றுக்கு உயர்த்தியே தீர வேண்டுமென்று தலைமையகம் ஆணையிட்டது.

வாட்ச்மேன் தொம்மைக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. ஓய்வு வயது தாண்டி இரண்டு வருஷமாகியும் அவருக்கு விடுவிப்பு ஆணை வரவில்லை. பணியில் இருப்பவர் படகு இறக்கக் கூடாது. அவர் ஆசையாய் வாங்கிய 'அமலோற்பவம்' படகு கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தப் பெட்டி பதினொன்னைத் தாங்காது சார்," என்றாள் ஒப்பந்த ஆபரேட்டர் ஜெபிஷா.

"ஆணை வந்தாச்சுல்லா, தாங்கும்," என்றார் ஆய்வாளர் ராஜபாண்டி. "லைசென்ஸ் எந்த வகை?"

"கம்ப்யூட்டர் பேருக்கு ஒண்ணு, ஆள் பேருக்கு ஒண்ணு."

ராஜபாண்டி பதிவேட்டைப் புரட்டினார். அதன்படி இந்தக் கணினி மூன்று வருஷத்துக்கு முன்பே ஏலம் போயிருந்தது. இல்லாத பொருளுக்கு உரிமம் கேட்பது விதிமீறல். ஆகவே ஆள் பேருக்கு. ஆனால் ஆள் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். ஜெபிஷா ஒப்பந்தம், ராஜபாண்டி கூடுதல் பொறுப்பு. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். அங்கே தொம்மை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு அதைத் தொடவே பயம்லா சார்!"

"தொட வேண்டாம் அண்ணாச்சி. தெனமும் கேமராவுல முகத்தைக் காட்டுனா தொறந்துரும்."

"காட்டுதேன். என் விடுவிப்பு ஆணை?"

"வரப்போற மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும். மறுநாளே எழுதுதேன்."

பதினொன்று முக்கி முனகி ஏறியது. அன்றுமுதல் வேம்பார்க் கடல் தொம்மையின் முகத்தில் திறந்து மூடியது. ஒருநாள் மீசையைச் சற்று ஒதுக்கிவிட்டு வந்தார். கணினி அவரை அறியேன் என்றது. மதியம் வரை ஒரு படகும் நகரவில்லை. மாலையில் சுற்றறிக்கை வெளியானது: 'மேற்படி மீசையில் முன் அனுமதியின்றி எவ்வித மாற்றமும் செய்யலாகாது.'

தடைக்காலம் வந்து முடிந்தது. ராஜபாண்டி சொன்ன வாக்கு மாறாமல் விடுவிப்புக்கு எழுதினார். ஆனால் அதே தபாலில் நாற்பது படகுக்காரர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்றும் போனது. பதில் எட்டே நாளில் வந்தது. 'பொதுமக்களின் கோரிக்கையைக் கனிவுடன் ஏற்று, உரிமம் காலாவதியாகும் வரை ஐந்தாண்டுகளுக்குத் தொம்மையின் பணி நீட்டிக்கப்படுகிறது.'

"ஒங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா அண்ணாச்சி?" என்று மாலை போட்டார்கள் படகுக்காரர்கள். தொம்மை மாலையோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நாற்பது பேரும் அனுமதி டோக்கனுக்கு வரிசையில் நின்றார்கள். கடலில் ஒரே ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அதில் நின்றவரின் முகம் மழமழவென்று மின்னியது.

"சார், தொம்மை அண்ணாச்சி டோக்கன் இல்லாமப் போறாவ! நோட்டீஸ் அடிக்கணும்!" என்று கத்தினார்கள்.

ராஜபாண்டி கணினியைப் பார்த்தார். கணினி தொம்மையைக் கேட்டது.

"மீசை முளைக்க எத்தனை நாளாகும் சார்?" என்றாள் ஜெபிஷா.

"நாமளா சொல்ல முடியாதும்மா. தலைமையகத்துக்கு எழுதிக் கேப்போம்."