மல்லியின் வயிறும் என் வாயும்

போன புதன்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த வீட்டில் என் சொல்தான். குறைந்தபட்சம் வெள்ளிக்கிழமை வரைக்குமாவது.

ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்பீர்கள். முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் லெட்சுமணன். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கங்காணி. நாற்பது பெண்கள் என் பார்வையில் கொழுந்து எடுக்கிறார்கள். சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று தராசைப் பார்த்துச் சொல்கிற ஆள் நான். அந்த நாற்பது பேரில் ஒருத்தி என் மனைவி பூரணி. மலையில் அவளுக்கு நான் கங்காணி, லயத்து வீட்டில் எனக்கு அவள் கங்காணி. மலை வேலை நாலரைக்கு முடிந்துவிடும் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள், கௌசி. உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மிருக வைத்தியம் படிக்க வேண்டும் என்று ஆசை. முதல் தடவை புள்ளி போதவில்லை. இரண்டாம் தடவை எழுதுவதற்காக ஒன்லைனில் படித்துக்கொண்டிருக்கிறாள். வாரநாட்களில் உயிரியலும் இரசாயனமும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேமினி என்ற மிருக வைத்தியர், இந்தப் படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு வகுப்பு எடுக்கிறார். மாட்டின் வயிற்றில் நாலு அறை உண்டு என்று அந்த வகுப்பைக் காதில் வாங்கித்தான் எனக்கே தெரியும். எங்கள் லயத்துக் காம்பராவில் ஒன்றரை அறைதான்.

வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட் போன் என்னுடையது. பூரணியிடம் இருப்பது பட்டன் போன். என் போனில் கோல் எங்கேயும் எடுக்கலாம், குறுஞ்செய்தியும் வரும். வீடியோ மட்டும் மாட்டுப்பட்டியில்தான் பிடிக்கும். எதிர்மலையில் இருக்கிற போன் கோபுரத்துக்கு எங்கள் மாட்டின் மேல் அப்படி ஒரு பிரியம். அதனால் கௌசி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போனைத் தூணில் கட்டி, பசு மல்லி பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டு நிற்கப் படிப்பாள்.

போனுக்கு வருகிற செய்திகளைச் சத்தமாக வாசிப்பது என் வழக்கம். போன மாதம்கூட ஏதோ ஆறு இலக்கம் வந்தது. கௌசி டவுனுக்குப் போயிருந்தாள். பூரணி பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "டேட்டாவுக்கு நம்பர் வந்திருக்கும், வாசிங்க" என்றாள். நான் இரண்டு தரம் வாசித்தேன். படித்த மனுசன் என்று அவள் நினைக்கட்டுமே.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பரீட்சைக்கு விண்ணப்பிக்க வெள்ளிதான் கடைசி நாள் என்று பூரணி சொல்லியிருந்தாள். அந்த நாள் தாண்டிவிட்டால் இந்த வருடம் போச்சு. ஹட்டனில் மச்சானின் புடவைக் கடையில் கௌசிக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. என் திட்டம் அவ்வளவுதான்.

பிள்ளை படிப்பதைத் தடுக்கிற அப்பனா என்று திட்டாதீர்கள். பக்கத்துக் காம்பரா நல்லமுத்து, "மாடு பாக்குறதுக்கு ஒரு படிப்பாண்ணே? நாம எந்த யுனிவர்சிட்டியில படிச்சோம்?" என்று கேட்டுச் சிரித்தது எனக்கு உறைக்கத்தான் செய்தது. ஆனால் காரணம் அது இல்லை. முதல் தடவை முடிவு வந்த அன்றைக்கு கௌசி மாட்டுப்பட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை, பேசவில்லை. மல்லியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இதைப் பூரணியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திட்டம் போட்டேன்.

புதன் சாயங்காலம் தொடங்கினேன்.

"பூரணி, புள்ளைக்கு ஒரு பரீட்சை வைக்கணும்."

"அதான் கவர்மெண்டே வைக்குதே."

"அது கடதாசிப் பரீட்சை. இது மாட்டுப் பரீட்சை. மல்லிக்கு என்னா வருத்தம், என்னா நோய்னு கௌசி கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சா படிக்கலாம். முடியலன்னா மச்சான் கடைக்குப் போகணும்."

"மல்லிக்கு என்ன? நல்லாத்தான நிக்குது."

"நாளைக்குப் பாரு."

"நாளைக்கு வரப்போற வருத்தம் இன்னைக்கே தெரியுதா? அப்ப நீங்கதான் டாக்டரு."

நான் இருமினேன். அவள் விடவில்லை.

"சரி, அவ கண்டுபிடிச்சுட்டா?"

"நானே டவுனுக்குப் போய் பரீட்சைக்கு ஃபோம் போட்டுக் குடுக்குறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பூரணி சிரித்தாள். இருபத்தொரு வருட அனுபவத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் பின்வாங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் பௌர்ணமிப் போயா, மலைக்கு லீவு. விடிகாலை ஐந்தரைக்கு நல்லமுத்துவின் காய்கறித் தோட்டத்துக்குப் போனேன். கோவா, அதாவது முட்டைக்கோஸ், வெட்டி நுவரெலியா மார்க்கெட்டுக்கு ஏற்றிய பிறகு வெளி இலையெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். பனி ஈரத்தோடு ஒரு சாக்கு அள்ளி வந்து மல்லிக்குப் போட்டேன். மல்லி எனக்கு நன்றி சொல்லாத குறையாகத் தின்றது. என் கணக்கு சுத்தமாக இருந்தது. வயிறு நிறைந்த மாடு காலையில் புல்லைத் தொடாது. தீனி எடுக்கவில்லை என்று நான் பதறுவேன். கௌசி புத்தகத்தைப் புரட்டுவாள். இல்லாத நோயை எந்தப் புத்தகத்தில் தேடுவாள்?

ஏழரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போனேன். முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே போனதும் அது தானாகவே வந்துவிட்டது.

மல்லியின் இடப்பக்கம் மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. காலால் வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. மூச்சு இரைத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக நான் கையில் புல்லுக்கட்டோடு நின்றேன்.

கௌசி ஓடிப்போய் மல்லியின் விலாவில் தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். அவள் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா, மல்லி என்ன தின்னுச்சு?"

"புல்லுதான்."

"நேத்து வெட்டுன புல்லு அப்படியே கிடக்கே."

நான் புல்லுக்கட்டைக் கீழே வைத்தேன். அவள் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து பிரேமினி டாக்டருக்கு வீடியோ கோல் போட்டாள். நல்லவேளை, எங்கள் லயத்தில் வீடியோ பிடிக்கிற ஒரே இடத்தில்தான் நோயாளியும் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். "வயித்துல காத்து அடைச்சிருக்கு கௌசி. லேசா எடுக்க வேணாம், மாடு செத்துப்போகும். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு? அதை முதல்ல சொல்லுங்க."

கௌசி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மல்லி வாயத் தொறந்து சொல்லாது. தீனி போட்டவங்கதான் சொல்லணும்."

அவள் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். மல்லியும் என்னைப் பார்த்தது. சொன்னால் திட்டம் போச்சு, மானமும் போச்சு. சொல்லாவிட்டால் மாடு போச்சு. இவ்வளவு சின்னக் கணக்கைப் போட எனக்கு அரை நிமிடம் ஆனது. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"கோவா இலை," என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு சாக்கு."

"ஈரமா?"

"பனி ஈரத்தோட. அஞ்சரைக்கு. நான்தான் போட்டேன்."

வாசலில் பூரணி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைத் தாண்டி மல்லியிடம் போனாள். அது திட்டுவதைவிட மோசம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல கௌசி செய்தாள். பூரணி தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தாள். தலையை அதிகம் தூக்காமல், புரையேறாமல், கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். மல்லியின் வாயில் ஒரு கட்டையைக் குறுக்கே வைத்துக் கௌசி கட்டினாள், மென்றால் காற்று வெளியே வரும் என்று. முன்னங்கால் மேட்டில் நிற்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் ஊரில் மேட்டைத் தேட வேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்து நடத்துகிற வேலை எனக்கு. கௌசி விலாவைத் தேய்த்துக்கொண்டே கூட நடந்தாள்.

"பக்கத்துல ஒரு டாக்டர் இருக்கார். அவரை அனுப்புறேன், ஒரு மணித்தியாலம் ஆகும். அது வரைக்கும் நீதான்மா பார்த்துக்கணும்," என்றார் பிரேமினி டாக்டர்.

"சரி மிஸ்," என்றாள் கௌசி. விலாவைத் தேய்க்கிற கை நிற்கவே இல்லை.

முக்கால் மணி நேரம் மேட்டில் ஏறி ஏறி நடந்தோம். திடீரென்று மல்லி நின்றது. கழுத்தை நீட்டியது. ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், லயத்தின் கடைசிக் காம்பரா நாய் எழுந்து குரைத்தது. தொடர்ந்து இன்னொன்று. கோவா வாசம் என் முகத்திலேயே அடித்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. கௌசி மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த முறை நான் வாசலில் நிற்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு அந்த டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சிங்களவர், சின்ன வயசு. மல்லியை நன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். "கவ்த பெலுவே?" என்று கேட்டார். யார் பார்த்தது என்று.

"மகே துவ," என்றேன். என் மகள். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அந்த இரண்டு வார்த்தையும் இருந்தது. அவர் கேட்காமலேயே இன்னொரு தரமும் சொன்னேன்.

மத்தியானம் இஸ்தோப்புத் திண்ணையில் பூரணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"பூரணி, சொன்ன சொல்லை நான் மீறமாட்டேன். நாளைக்கு வெள்ளி. நானே டவுனுக்குப் போய் ஃபோம் போட்டுட்டு வர்றேன்."

"வேணாம்."

"கோவமா?"

"கோவமும்தான். ஆனா ஃபோம் போன மாசமே போட்டாச்சு. கடைசி நாள் முடிஞ்சு மூணு வாரமாச்சு."

"என்னது? எனக்குத் தெரியாமயா?"

"உங்களுக்குத் தெரியாம எப்படி? டவுன்ல கொமினிகேஷன் கடையில புள்ள ஃபோம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. உங்க போனுக்கு ஆறு இலக்கம் வந்துச்சு. என் போன்ல புள்ள கேட்டுக்கிட்டு இருந்துச்சு. யாரு வாசிச்சது?"

"அது டேட்டாவுக்குன்னு..."

"ரெண்டு தரம் வாசிச்சீங்க. நல்ல தெளிவா."

நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமைன்னு ஏன் சொன்ன?"

"மச்சான் கடைப் பேச்சு எடுத்தப்பவே தெரியும், நீங்க என்னமோ செய்யப் போறீங்கன்னு. நாள் ஒண்ணு குறிச்சுக் குடுத்தா அதுக்குள்ள செஞ்சு முடிப்பீங்க. இல்லாட்டி வருசம் பூரா யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க, நாங்களும் பயந்துக்கிட்டே இருக்கணும்." மாட்டுப்பட்டிப் பக்கம் பார்த்தாள். "கோவா இலையத்தான் நான் நெனச்சுப் பாக்கல. அது என் பிழை."

அவள் தன் பிழை என்று சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அப்போதுதான் வாய் திறந்து சொன்னேன்.

"மறுபடியும் புள்ளி பத்தலன்னா, அந்தப் புள்ள மறுபடி அப்படி உக்காந்து அழுமே பூரணி. அதைப் பாக்க என்னால முடியாது."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுதா நம்ம பக்கத்துல உக்காந்துதான் அழுவா. கடையில புடவை மடிச்சுக்கிட்டு அழுதா நமக்குத் தெரியவே தெரியாது. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். மாட்டுப்பட்டியிலிருந்து கௌசியின் குரல் கேட்டது. மல்லி எத்தனை தரம் அசைபோடுகிறது என்று எண்ணி, போனில் பிரேமினி டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குத் தைரியம் வந்தது.

"எப்படியோ, கடைசியில உண்மையைச் சொன்னேன்ல? இன்னைக்கு எனக்கு முழுப்பேர்தானே?"

"புள்ள கேட்டதும் சொன்னீங்களா?"

"ரெண்டாந்தரம் கேட்டப்போ சொன்னேன்."

பூரணி காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப அரைப்பேர்."