சாக்பீஸக்காவின் ஆந்தை

எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டர், "உங்க பரம்பரையில யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். "பரம்பரையில இல்லீங்க டாக்டர், செக்கிங் செக்‌ஷன்ல ஒருத்தங்க இருக்கறாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திருப்பூரில் இத்தனை பனியன் கம்பெனிகள் இருக்கின்றன, இத்தனை ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நெஞ்சைப் பிடித்தபடியே நடமாட வைத்தவர் சாக்பீஸக்கா ஒருவர்தான். இதை எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் எழுதித் தருவேன்.

அப்போது ராயபுரத்தில் குழந்தைகள் பனியன் தைக்கும் ஒரு கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்பதற்கும் நம் ஆட்கள் தைப்பதற்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. அக்கா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பதினைந்து வருடமாகச் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தவர். தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் உள்வெளி புரட்டிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மற்றவர்கள் ஒட்டினார்கள். அக்காவுக்கு ஸ்டிக்கரில் நம்பிக்கை இல்லை.

"ஸ்டிக்கர் துணியில ஒட்டும் தம்பி, தச்சவன் மனசுல ஒட்டாது" என்பார்.

அதனால் அவர் டெய்லர் சாக்பீஸை எடுத்துப் படம் வரைவார். எண்ணெய்க் கறை விழுந்திருந்தால் அதற்கு நாலு காலும் இரண்டு கொம்பும் போட்டு எருமையாக்கி, கீழே எழுதுவார்: 'நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன். நம்பணும்.' தையல் தாண்டித் தாண்டிப் போயிருந்தால் அது பூரான்: 'நூறு கால் இருந்தும் எட்டரை பஸ்ஸைப் பிடிக்க முடியல.' ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றால் நண்டு: 'பெரிய கை வீட்டுக்காரருக்கு. சின்னக் கையாலதான் நாத்தனாருக்குச் சோறு வைப்பேன்.' நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஏற்றுமதிக்குப் போக வேண்டிய பனியனின் நெஞ்சில் ஓர் எருமை படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

படங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பிரித்துத் தைத்தோ, கறை எடுத்தோ சரிசெய்ய முடிகிற பீஸ் என்றால் மிருகம். எதுவும் செய்ய முடியாது, கழித்துக்கட்ட வேண்டியதுதான் என்றால் பூ. செம்பருத்தி, எருக்கு, ஒரு தடவை பெரிய பூசணிப்பூ. 'காய்க்கு முன்னாடியே ஊர் கண்ணு பட்டுருச்சு' என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"டேமேஜுக்கு எதுக்குங்கக்கா பூவு?"

"போறதுக்கு ஒரு பூவாச்சும் வைக்க வேண்டாமா தம்பி?" என்றார், ஏதோ நான்தான் நாகரிகம் தெரியாதவன் என்பதுபோல.

இந்தப் பைத்தியம் தொற்றுநோய். பீகாரிலிருந்து வந்த டெய்லர் ஒருவன் இருந்தான். தங்கமான கை. வருடம் இரண்டாகியும் அவன் தைத்ததில் ஒரு தப்புகூட வராததால் அவனுக்கு ஒரு மிருகமும் கிடைக்கவில்லை. பக்கத்து மெஷின்காரனுக்கு வாரம் இரண்டு வருகிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல், வேண்டுமென்றே கழுத்துப்பட்டியைக் கோணலாகத் தைத்து அனுப்பினான். பீஸ் திரும்பி வந்தது. படம் இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாமல் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான். 'வேணும்னு செஞ்ச தப்புக்கு மிருகம் கெடையாது.' எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் அதைச் சொன்னேன். இருபத்தைந்து வயசு ஆம்பளை, மீசை வைத்தவன், என் முன்னால் நின்று அழுதான். மறுநாள் அக்கா அவன் சோத்து டப்பா மூடியில் ஒரு யானையை வரைந்து கொடுத்தார். அவன் அதைக் கழுவவே இல்லை என்று அவன் ரூம்காரர்கள் புகார் செய்தார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் முதலாளியின் சட்டை. எங்கள் முதலாளி உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். சோற்றில் எறும்பு இருந்தால்கூட "கொஞ்சம் நவுருங்க" என்று சொல்லித்தான் எடுப்பார். ஒருநாள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு செக்கிங் டேபிள் பக்கம் வந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். சட்டையின் ஓரத்தில் டீ சிந்திய கறை. நான் எதிரே நிற்கிறேன். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. வெள்ளைத் துணி கண்ணில் பட்டது, கறை பட்டது, கை போய்விட்டது. முதலாளி போனை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் இடுப்பில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது. 'மெதுவாப் போனாலும் டீ சிந்தத்தான் செய்யுது' என்று வாசகமும் முடிந்திருந்தது.

அவர் குனிந்து, சட்டையை இழுத்துப் பிடித்து, நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க, இது தொவைச்சாப் போயிருமுங்களா?"

"ஆமை போயிரும் முதலாளி. டீக்கறைதான் போகாது."

அவர் சட்டையை நீவி விட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னார்: "செரி, இருக்கட்டுமுங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். இந்த மாதிரிப் படம் எதாச்சும் பீஸோட கம்பெனியைத் தாண்டி வெளிய போச்சுன்னா, அப்பறம் நீங்க இந்த டேபிள்ல உக்கார முடியாதுங்க." அவர் குரலை உயர்த்தாமல் சொன்னால் அது கல்லில் வெட்டியது மாதிரி. அக்காவுக்கும் அது தெரியும். அன்று முதல் திருத்தி முடித்த ஒவ்வொரு பீஸையும் தானே வாங்கிப் பார்த்து, சாக்கைத் தட்டித் துடைத்துத்தான் அனுப்புவார்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளைப் பனியனுக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் சாம்பிள் ஒப்புதல் வாங்க வேண்டும். கூரியர்காரர் வாசலில் வண்டியை அணைக்காமல் நிற்கிறார். நல்ல பீஸ் வைக்கும் பச்சைக் கூடையில் அந்த சைஸ் இல்லை. பக்கத்தில் சரிசெய்ய வேண்டிய பீஸ் வைக்கும் சிவப்புக் கூடையில் ஒன்று மடித்துக் கிடந்தது. அக்கா சாப்பிடப் போயிருந்தார். வெளியே பார்த்தேன், சுத்தமாக இருந்தது. உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. கவரில் போட்டேன், சீட்டில் கையெழுத்துப் போட்டேன், அனுப்பிவிட்டேன்.

சாப்பிட்டு வந்த அக்கா, "தம்பி, செவப்புக் கூடையில ஒரு ஆந்தை இருந்துச்சே, எங்க?" என்று கேட்டார்.

நான் காதில் போனை வைத்துக்கொண்டு, என்ன கேட்கிறார் என்றுகூட யோசிக்காமல், "பறந்து போயிருக்குங்கக்கா" என்றேன். பெரிய நகைச்சுவை செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

மறுநாள் அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் பையரிடமிருந்து மெயில் வந்தது. 'சாம்பிள் ஓகே. எந்த மாற்றமும் வேண்டாம். இதேபோல் தைக்கவும்.' சீல் வைத்த சாம்பிளும் கம்பெனிக்குத் திரும்பி வந்தது. நான் மெயிலைப் புரொடக்‌ஷன் மேனேஜர் பொன்னுசாமிக்குத் தள்ளிவிட்டு, வேறு ஓர் ஆர்டருக்காகச் சாயப்பட்டறையே கதியென்று கிடந்தேன். பொன்னுசாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீல் வைத்த சாம்பிள்தான் அவருக்குக் குலதெய்வம். அதில் பட்டன் தலைகீழாக இருந்தால் அத்தனை பனியனிலும் பட்டன் தலைகீழாகத்தான் இருக்கும்.

சரக்கு கிளம்புவதற்கு முன் பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர் வந்து பரிசோதிக்கும் நாள். காலையில் போய் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு பனியனை எடுத்துப் புரட்டினேன். உள்பக்கம், அடி ஓரத்து மடிப்பில், ஓர் ஆந்தை. கையில் டிவி ரிமோட். கீழே அச்சடித்த மாதிரி, இல்லை, அச்சடித்தே இருந்தது: 'எல்லாரும் அசந்த பெறகுதான் ரிமோட் என் கைக்கு வருது.' இன்னொன்றைப் புரட்டினேன். ஆந்தை. அடுத்த பெட்டி. ஆந்தை. எல்லா ஆந்தையும் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தன. அந்தக் கண் மட்டும் அச்சு இல்லை. நிஜமான ஓட்டை.

"பொன்னுசாமி அண்ணா, இது என்னங்க?"

"ஆந்தைங்க."

"அது தெரியுதுங்க. ஏனுங்க இருக்குது?"

"சாம்பிள்ல இருக்குதுங்களே. எந்த மாத்தமும் வேண்டாம்னு நீங்கதான மெயில் போட்டீங்க. அந்தக் கண்ணுக்குத்தானுங்க ரொம்பச் செரமமாப் போச்சு. ரெண்டு பொண்ணுங்களை உக்கார வெச்சு ஒவ்வொண்ணாக் குத்துனோம்" என்றார். குரலில் பெருமை. பிறகு மூலையில் இருந்த ஒரு சிறு குவியலைக் காட்டினார். "அது மட்டும் ரிஜெக்டுங்க. ஓட்டை இல்லாம வந்துருச்சு."

ஓட்டை இல்லாத பனியனை டேமேஜ் என்று ஒதுக்கிய ஒரே ஊர் திருப்பூர், ஒரே கம்பெனி எங்களுடையது. அக்காவின் கோடுகள்தான் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாக்பீஸ் தீர்ந்துபோய், துவைத்தால் போகிற மார்க்கர் பேனாவில் வரைந்திருக்கிறார். இதில் ஓட்டை இருக்கிறது, பார்த்துக்கொள் என்று ஆந்தையையே நிறுத்தி வைத்திருக்கிறார். பார்க்காதவன் நான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ்க்காரர்தான். ஒரு பனியனைப் புரட்டினார். வாசகத்தை உதடு அசையப் படித்தார். சீல் வைத்த சாம்பிளைப் புரட்டினார். அதையும் படித்தார். பிறகு டேப் எடுத்து ஆந்தையின் கண்ணை அளந்தார். "சாம்பிளைவிடக் கொஞ்சம் பெருசு. பரவால்ல, டாலரன்ஸுக்குள்ள இருக்கு" என்று சொல்லி, பாஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போனார். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்றுவரை மீளவில்லை.

சரக்கு தப்பித்தது. ஆனால் முதலாளி வந்து ஒரு பனியனைப் புரட்டிவிட்டார். "இந்தச் சாம்பிள் எப்புடிங்க வெளிய போச்சு?" என்று பொதுவாகக் கேட்டார். அன்றைக்குத்தான் அக்கா ஊரிலிருந்து பேரன் பிறந்த லட்டோடு வந்திருந்தார். லட்டு டப்பாவைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"நாந்தான் முதலாளி. செவப்புக் கூடையில போட வேண்டியதைப் பச்சையில போட்டுட்டேன். மக பிரசவம்னு நெனப்பு அங்கன கெடந்துச்சு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்த மாதம் என் வேலையும் ஆடிக்கொண்டிருந்தது, வீட்டில் கைக்குழந்தை வேறு. இதெல்லாம் இப்போது சொல்கிற சாக்கு. அன்றைக்கு நான் பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

"அப்ப நாளையில இருந்து பிசிறு வெட்டற டேபிளுக்குப் போயிருங்க. சாக்பீஸை இங்கயே வெச்சிருங்க" என்றார் முதலாளி. அக்கா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நீல சாக்பீஸை எடுத்து டேபிளில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் கம்பெனியில் ஸ்டிக்கர்தான். பீகார் டெய்லர், பக்கத்து மெஷின்காரனுக்குத் திரும்பி வந்த பீஸை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். அக்கா மூலையில் உட்கார்ந்து கத்திரியால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். தாண்டிப் போகும்போதெல்லாம், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்க்க எனக்கே கேவலமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் முதலாளி அறைக்குப் போய், "நான்தானுங்க செவப்புக் கூடையில இருந்து எடுத்தனுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"உக்காருங்க தம்பி" என்றார். "கூரியர் சீட்டுல உங்க கையெழுத்துத்தானுங்க இருக்குது. பதினஞ்சு வருசத்துல அந்தம்மா ஒரு நாளும் கூடை மாத்திப் போட்டதில்லீங்க. எப்ப வருவீங்க எப்ப வருவீங்கன்னு மூணு நாளா இந்தக் கதவைச் சாத்தாம உக்காந்திருக்கறேன்." டிராயரைத் திறந்து நீல சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்களே கொண்டுட்டுப் போய்க் குடுத்துருங்க. நான் சொன்னா அந்தம்மா கேக்க மாட்டாங்க, என்ன வரைவாங்களோன்னு எனக்கும் பயமா இருக்குதுங்க."

அக்கா முன்னால் போய் நின்று சாக்பீஸை நீட்டினேன். "தப்பு என்னுதுங்கக்கா. அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

அவர் எழுந்து, என் தோளைப் பிடித்துத் திருப்பினார். காலரைத் தூக்கிப் பார்த்தார். தையலை விரலால் நீவினார். பனியனைச் சோதிக்கிற அதே கண். பிறகு சாக்பீஸை என் மஞ்சள் சட்டையின் நெஞ்சருகே கொண்டுவந்தார். இத்தனை வருடத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் வரைந்தவர், எனக்கு வரைந்ததே இல்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மெஷின் எல்லாம் நின்றுவிட்டது காதுக்குத் தெரிந்தது. கழித்துக்கட்டுகிற பூதான் நிச்சயம், செம்பருத்தியா, எருக்கா என்று மட்டும்தான் ஓடியது மனசுக்குள்.

"அசையாம நில்லுங்க. காது நீளமா வருது."

கண்ணைத் திறந்து குனிந்தேன். நீளக் காது, தொங்கிய மூஞ்சி, முதுகில் மூட்டை. அசல் கழுதை. 'பொதியை எறக்க மூணு நாளாச்சு' என்று கீழே எழுதியிருந்தது. செக்‌ஷனே சிரித்தது. நான் சட்டையை இழுத்து இழுத்து, கழுதையைச் சுற்றி ஓர் இதழாவது, ஒரு மொட்டாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. முழுக்க முழுக்க மிருகம்தான்.

அன்று சாயங்காலம் நெரிசலான டவுன் பஸ்ஸில், நெஞ்சில் அந்தக் கழுதையோடு, பையால் மறைக்காமல் நின்றுகொண்டே வீடு போனேன்.