2520 கொழுக்கட்டை

கணக்குத் தெரிந்தவனுக்கு வாழ்க்கையில் எதிலும் மிச்சம் விழாது என்று இருபத்திரண்டு வயதில் மனமார நம்பினேன். இன்று என் வீட்டில் எனக்கு வழங்கும் பெயரே ‘மிச்சம்’தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்தேன். பெரிய கங்காணியின் மகள் லெட்சுமியைக் கட்டிக்கொள்ள ஆசை. நேரில் போய்க் கேட்டும் விட்டேன்.

கங்காணி யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையப் பங்கு போடுறதுல வருஷா வருஷம் லயத்துக்கு லயம் சண்ட. இந்த வருஷம் லயங்களுக்குள்ள சண்ட வராமப் பிரிச்சுக் குடுங்க வாத்தியாரே. பொண்ணு ஒங்களுக்குத்தான்."

தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசைகளாகப் பத்து லயம். எந்த லயம் கோபித்துக்கொண்டு வராமல் நிற்கும் என்பது கடைசி நிமிடம்வரை யாருக்கும் தெரியாது. பத்தும் வரலாம், ஏழும் வரலாம். ஒரு கொப்பி முழுக்கக் கணக்குப் போட்டு 2520-ஐப் பிடித்தேன். ஒன்றிலிருந்து பத்துவரை எதால் வகுத்தாலும் மீதி வராது. அதைவிடச் சிறிய எண் எதற்கும் அந்த யோக்கியதை கிடையாது.

மாவு பிசைந்துகொண்டிருந்த லெட்சுமி கேட்டாள்: "பதினொண்ணு வந்தா என்னங்க செய்வீங்க?"

"இருக்குறதே பத்து லயந்தானே" என்று சிரித்தேன். (மடையன்.)

ருசி பார்க்கக்கூட ஒன்றைத் தொடவிடாமல் காவல் இருந்தேன். அன்று அதிசயமாகப் பத்து லயமும் வந்தன. பின்னாலேயே, துரை பங்களாவில் சமைக்கும் குசினிக்காரர் பெரிய பேசினோடு வந்தார். "நாங்க பங்களாவுக்குப் பின்னால இருக்கோம். எந்த லயத்துலயும் சேத்தி இல்ல. எங்களுக்கும் ஒரு பங்கு வைங்க."

பங்குக்கு 229. தாம்பாளத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

பதினொரு தரப்பும் அதையே பார்த்தன. சாமிக்கே வைத்துவிடலாம் என்றேன். "படைச்சு எடுத்தத மறுபடி படைக்கக் கூடாது" என்றார் பூசாரி. குசினிக்காரர் பதினொரு துண்டு போடக் கத்தியை எடுத்தார். தேங்காய்ப் பூரணம் யாருக்கு, வெறும் மாவு யாருக்கு என்று முணுமுணுப்புக் கிளம்பியது. என் கல்யாணம் கண்முன்னே ஆவியாகிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டேன்.

பத்து லயமும் பங்களாவும் ஒரே குரலில் என்னைத் திட்டின. மேல் லயத்துக்காரர் விட்ட இடத்திலிருந்து கீழ் லயத்துக்காரர் எடுத்துக் கொடுத்தார். வருஷக்கணக்கில் பேசாதவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு திட்டினார்கள். நான் தலை குனிந்து நின்றேன்.

கங்காணி மீசையைத் தடவினார். "லயங்களுக்குள்ள சண்ட இல்லதான்" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பதினொன்றாலும் மீதியின்றி வகுபடும் எண் 27,720 என்று மாமனாரிடம் பிறகு சொல்லிப் பார்த்தேன். அடுத்த சதுர்த்திக்குச் சுண்டல் போட்டுவிட்டார்.

இப்போதும் வீட்டில் வடையோ பணியாரமோ, எல்லோருக்கும் பங்கு வைத்தபின் ஒன்று மிஞ்சினால் பேரப்பிள்ளைகள் என்னைத் தேடுகிறார்கள். லெட்சுமி அதை என் தட்டில் போடுகிறாள். "வாயில போட்டுக்கிட்டு ஒதுங்கி நில்லுங்க. நாங்க திட்டணும்."