கராஜுக்குள் ஒரு ஞானத்தாய்

உங்களுக்குக் காய்ச்சல் என்று யாராவது அடித்துச் சொல்லிவிட்டால் போதும், அரை மணி நேரத்தில் நெற்றி தானாகவே சுடத் தொடங்கிவிடும். இது என் சொந்த அனுபவம். இன்றைக்கு நினைத்தாலும் காய்ச்சல் இல்லாமலே கொதிக்கிறது.

ரொறன்ரோவில் சார்ஸ் என்னும் தொற்றுக் காய்ச்சல் பரவிய வருடம் அது. அந்த ஈஸ்டருக்கு மொன்றியலில் என் சித்தி மகள் ரெஜினாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான்தான் (குழந்தை பிறக்கும் முன்பே பேசி முடித்த பதவி). குழந்தைக்கு வெள்ளைச் சட்டையும் நானே தைத்திருந்தேன். ரொறன்ரோவிலிருந்து வந்த பஸ்ஸில், தொண்டையைச் செருமினால் இறக்கிவிடுவார்களோ என்று வழிநெடுக எச்சிலை விழுங்கிக்கொண்டே வந்தேன். பிறகு மொன்றியலின் ஓரத்தில் அவர்கள் இருந்த இல்-பிசாருக்குப் போகும் அபூர்வமான பஸ்ஸைப் பிடித்து, பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டு வாசலை அடைந்தேன்.

ரெஜினாவின் கணவர் அன்ரன் முகமூடியும் கையுறையுமாகக் கதவைத் திறந்தார்.

"மச்சாள், அங்கேயே நில்லுங்கோ!"

'வாங்கோ' என்பதற்குப் பதில் 'நில்லுங்கோ' என்று என்னை வரவேற்ற ஒரே வீடு அதுதான்.

"குறை நினைக்காதேங்கோ. விடுமுறைக்கு ரொறன்ரோவிலையிருந்து வாற எல்லாரையும் சோதிச்சுத்தான் உள்ளை விடுறம்."

"எல்லாரும் எண்டால் ஆர் ஆர்?"

"இப்போதைக்கு நீங்கள்தான்."

தெர்மாமீட்டர் என் நாக்குக்கு அடியில் போனது. வாய்க்குள் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு ரோஷமாகப் பேச முடியாது. அது செல்சியஸ் கணக்கு; முப்பத்தேழைத் தாண்டினாலே காய்ச்சல். அதை எடுத்துப் பார்த்த அன்ரன் நாலடி பின்வாங்கினார்.

"நாப்பத்தொண்டு!"

"நாப்பத்தொண்டு காய்ச்சலிலை ஆள் நிண்டு கதைக்குமோ?"

"அதுதான் மச்சாள் இந்த வருத்தத்தின்ரை பயங்கரம்!"

இன்றைய நானாக இருந்தால் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். அன்றைய நானோ மரியாதை தெரிந்த மடைச்சி. அவர் கைகாட்டிய பக்கம் போய், கராஜுக்குள் பனிக்கால டயர்களுக்கு நடுவே மடக்குக் கதிரையில் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்ட வசனங்களையெல்லாம் டயர்களுக்குச் சொன்னேன். அவை மறுத்துப் பேசவில்லை.

கதவுக்குப் பின்னால் அன்ரன், மொன்றியலிலேயே செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் தன் அக்காவோடு போனில் கதைப்பது கேட்டது.

"அக்கா, நீதான் இனி ஞானத்தாய். சேலையைக் கட்டிக்கொண்டு நேரே கோயிலுக்கு வா."

வயிறு எரிந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் எரிந்தது! சரி, முடிந்தது கதை என்று செபிக்கத் தொடங்கினேன். எல்லோரையும் மன்னித்தேன். அன்ரனை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.

அவர் முறை வருவதற்குள் உள்ளே ஓர் அலறல். என் பெட்டியைத் தொட்ட பயத்தில் தன்னையே சோதித்திருக்கிறார். நாற்பத்தொன்று. ரெஜினாவைச் சோதித்தால் அவளுக்கும் நாற்பத்தொன்று.

"இஞ்சை பாருங்கோ, இதை எதிலை கழுவினீங்கள்?" இது ரெஜினா.

"சுடுதண்ணியிலை. கிருமி சாகோணுமே!"

"கழுவிப்போட்டு உதறினீங்களோ?"

"உதறுறதோ? ஏன்?"

ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும் என்பது அன்ரன் என்ற அந்தச் சுகாதார அதிகாரிக்குத் தெரியாது. சுடுதண்ணீருக்கு இருந்த காய்ச்சலைத்தான் எங்கள் மூவர் தலையிலும் கட்டியிருக்கிறார்!

எல்லோரும் கோயிலுக்குப் பறந்தோம். அங்கே அன்ரனின் அக்கா ஊதாப் பட்டுச்சேலையில் வாசலிலேயே நின்றார்.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடி வந்தனான். இனி நான் மாற மாட்டன்!"

ஃபாதர் பொறுமையிழந்து, "ஞானத்தாய் ஒராள்தான். சண்டை வேண்டாம், ரெண்டுபேரும் பிள்ளையைப் பிடியுங்கோ" என்றார். அக்கா தலையைப் பிடித்தார். நான் காலைப் பிடித்தேன். முறைப்படி ஞானத்தாய் தலைக்காரிதான். நான் தைத்த சட்டையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களோடு என் பதவி முடிந்தது.

அந்தக் குழந்தை இப்போது வளர்ந்த பெண். அவளுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சுதான் இலகு. சிநேகிதிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துவது, "மரேன் கறாந்த்-ஏ-அன்" என்று. 'ஞானத்தாய் நாற்பத்தொன்று'. அவர்கள் ஏன் என்று கேட்டதும் அன்ரன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையைத் தொடங்கிவிடுவார்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் சொல்லும் கதையில், தெர்மாமீட்டரை உதறாமல் வாயில் வைத்தது நானாம்!